ஆம்பியன்ட் டிபிகான்டெக்ஸ்ட் ஸ்கோப்: ‘உடன்வரு தரவுச்சூழல் எல்லை’ சரிவருமா?

வணக்கம்.

டேட்டாபேஸோடு பேசும் பொருள்தான் டிபிகான்டெக்ஸ்ட்; அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரையறுக்கும் ‘ஆம்பியன்ட் டிபிகான்டெக்ஸ்ட் ஸ்கோப்’ என்பதற்குத் தமிழில் ‘சூழ் தரவுச்சூழல் எல்லை’ என்று முன்வைத்திருந்தீர்கள். ‘சூழ்’, ‘சூழல்’ அடுத்தடுத்து வந்து நாக்கு இடறுகிறது, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சூழ்ந்திருப்பது என்றால் அது ஓரிடத்தில் நிற்கிறது, நாம் அதற்குள் இருக்கிறோம் என்று ஆகிறது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் நிரல்தளத்தில் நடப்பது வேறு. ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் கையில் கொடுத்தனுப்பாமலே, கோட் போகிற இடமெல்லாம் டிபிகான்டெக்ஸ்ட் கூடவே போகிறது. ஒவ்வொரு இழைக்கும் (த்ரெடுக்கும்) தனியாக உள்ள த்ரெட்லோக்கல் சேமிப்பில் வைத்தால், அவெயிட் போட்டுக் காத்திருந்த பிறகு வேலை வேறு இழையில் தொடரும்போது அது அங்கே இருக்காது. 2015இல் டாட்நெட் 4.6உடன் வந்த ஏசிங்க்லோக்கல், இழையை விட்டுவிட்டு இயக்க ஓட்டத்தைப் பிடித்துக்கொள்கிறது. இங்கே பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் எங்கள் டீமில் உள்ள தமிழர்கள் கோட் ரிவ்யூவில் “ஸ்கோப் கூடவே வருது” என்றுதான் சொல்கிறார்கள்.

எனவே என் பரிந்துரை ‘உடன்வரு தரவுச்சூழல் எல்லை’. வினைத்தொகை, ஒற்று மிகாது. ‘உடன்வருத் தரவு’ என்று யாரும் திருத்திவிட வேண்டாம்.

கோளாறு தொடங்கும் இடத்தையும் இந்தப் பெயர் காட்டிக்கொடுக்கிறது. டாஸ்க்.வென்ஆல் போட்டுப் பல வேலைகளை ஒரே நேரத்தில் கிளப்பினால், எல்லாவற்றுக்கும் அதே சூழல் உடன்வந்துவிடும். ஏசிங்க்லோக்கல் ஒவ்வொரு கிளைக்கும் தருவது சுட்டியின் நகலை மட்டுமே, பொருள் ஒன்றுதான். பி.டி.எம். லேஅவுட் பி.ஜி. விடுதிகளில் ஆளுக்கொரு சாவி, குளியலறை மட்டும் ஒன்று என்கிற கதை. முதல் வினவல் முடியுமுன் அதே டிபிகான்டெக்ஸ்டில் இரண்டாவது தொடங்கினால் டிபிகான்டெக்ஸ்டைத் தரும் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் நூலகம் எக்ஸெப்ஷன் (பிழை) வீசும். அதுவும் அதன் கண்ணில் பட்டால்தான். படாவிட்டால் தரவே கெடலாம்.

ஆகவே கிளை பிரியுமுன் உடன்வருவதை நிறுத்த வேண்டும். டிபிகான்டெக்ஸ்ட்ஸ்கோப் நூலகத்தில் இதற்கென்றே சப்ரஸ்ஆம்பியன்ட்கான்டெக்ஸ்ட் இருக்கிறது. உங்கள் சொல்லை வைத்து இதை எப்படிச் சொல்வது, ‘சூழ்வு ஒடுக்கம்’ என்றா? ‘உடன்வரவு நிறுத்தம்’ என்றால் புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் விளங்கும்.

‘எல்லை’ பற்றி எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

அப்புறம், ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைச் சொல்லும் பேரலலுக்கு ‘இணை’ வேண்டாம். கனெக்‌ஷனும் இணைப்பு, அட்டவணைகளைச் சேர்க்கும் ஜாயினும் இணைப்பு; ‘இணை ஓட்டங்களில் இணைப்பைப் பகிராதே’ என்று ஆவணத்தில் எழுதினால் யாருக்குப் புரியும்? ‘உடனிகழ் ஓட்டம்’ நல்ல சொல்தான், ஆனால் என் ‘உடன்வரு’வோடு மோதுகிறது. இப்போதைக்குக் ‘கிளையோட்டம்’ என்று வைத்துக்கொள்ளலாமா?