புதுப்பிப்பு: நீர் புகுந்த சுக்கானைத் திறந்து சரிசெய்த விவரம்

1982-இல் கட்டப்பட்ட எனது 27 அடிப் பாய்மரப் படகைக் கரையேற்றிய பின்னும், படகைத் திருப்பும் பலகையான சுக்கானின் அடிவிளிம்பிலிருந்து பழுப்பு நீர் கசிந்துகொண்டே இருந்ததைச் சொல்லி, துளையிட்டு வடித்தால் போதுமா என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

அடியில் 3 துளைகளிட்டு 6 வாரம் காயவைத்தும் ஈரம் வற்றவில்லை. சுக்கானின் ஒரு பக்கத்து ஃபைபர் கிளாஸ் (கண்ணாடியிழை) மேல்தோலை வெட்டியெடுத்து, உள்ளே பற்றவைத்த இடங்களைப் பாருங்கள் என்ற யோசனையே படகைக் காத்தது. உள்ளே நிரப்பியிருந்த, விரலால் அழுத்தினால் நீர் சுரக்கும் நுரையைச் சுரண்டியெடுத்தபோது, சுக்கானைத் திருப்பும் தண்டோடு இணைந்த எஃகுப் பட்டைகளில் கீழுள்ளது, பற்றவைத்த இடத்தில் நகம் மாட்டும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. துருப்பிடிக்காத எஃகுதான், ஆயினும் காற்றுப்படாமல் தேங்கிய உப்புநீரில் அதன் பாதுகாப்புப் படலம் புதுப்பித்துக்கொள்ள முடியாமல், இடுக்குகளில் அரிப்பு தொடங்கிவிடுகிறது.

புதிய பட்டையைப் பற்றவைத்து, நீர் உறிஞ்சாத நுரையை ஊற்றி, தோலின் விளிம்பை அதன் தடிமனைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடியிழைத் துணியை எபாக்சிப் பிசினில் தோய்த்து அடுக்கினேன். தண்டு நுழையும் மேல்விளிம்பே நீர் புகும் வாசல். எஃகும் பிசினும் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரிவதால், அங்கே மட்டும் எபாக்சியைத் தவிர்த்து, சுற்றிலும் சிறு பள்ளம் வெட்டி, நெகிழும் பாலியூரித்தேன் பசையால் அடைத்தேன். ஒரு பருவம் முழுவதும் ஓட்டிவிட்டுக் கரையேற்றியபோது ஒரு சொட்டுக்கூட வடியவில்லை.