பால்மாவைச் சூடான நீரில்தான் கலக்க வேண்டுமா? இரவுக்கு முன்கூட்டியே கலந்து வைக்கலாமா?

கேள்வி:

வணக்கம். எங்கள் மகளுக்கு ஆறு வாரம் ஆகிறது. தாய்ப்பால் போதவில்லை என்பதால் மருத்துவரின் ஆலோசனைப்படி ஃபார்முலா பாலும் கொடுத்து வருகிறோம். கொதித்து ஆறிய நீரில் மாவைக் கலந்தால் போதும் என்று வீட்டில் சொல்கிறார்கள். நீர் நல்ல சூடாக இருக்கும்போதே கலக்க வேண்டும் என்று செவிலியர் சொல்லியனுப்பினார். நீரைத்தான் கொதிக்க வைத்தாயிற்றே, பிறகு சூடு எதற்கு? இரவில் பலமுறை எழ வேண்டியிருப்பதால் மாலையிலேயே கலந்து வைத்துக்கொள்ளலாமா என்பதையும், குழந்தை மீதம் வைத்த பாலை அடுத்த வேளைக்குக் கொடுக்கலாமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

மறுமொழி 1:

சகோதரி, செவிலியர் சொன்னதே சரி. அந்தச் சூடு நீருக்காக அல்ல, மாவுக்காக. பால்மாவு கிருமி நீக்கப்பட்ட பொருள் அன்று. திறக்காத டின்னில்கூடக் குரோனோபாக்டர், சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அரிதாக இருக்கக்கூடும். உலர்ந்த மாவில் உறங்கிக் கிடக்கும் அவை, வெதுவெதுப்பான நீர் பட்டதும் பெருகத் தொடங்கும். குரோனோபாக்டர் தொற்று மிக அபூர்வம் என்றாலும், இரண்டு மாதம் நிறையாத குழந்தைகளுக்கும் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் அது இரத்தத்திலோ மூளை உறையிலோ பரவினால் உயிருக்கே ஆபத்து. அக்கிருமிகளை நல்ல சூடுதான் கொல்லும். ஆகவேதான் உலக சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டு வழிகாட்டியில் 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத நீரில் கலக்கச் சொல்கிறது. ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அரை மணி நேரத்துக்குள் கலந்தால் அந்தச் சூடு இருக்கும். கலந்தபின் புட்டியை மூடி, மூடியில் நீர் படாதவாறு குளிர்ந்த நீரில் நிறுத்தி ஆற்றுங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் ஓரிரு சொட்டு விட்டுப் பார்த்து, சுடவில்லை என்றால் மட்டும் கொடுங்கள். சில டின்களில் இதைவிடக் குறைந்த சூடு குறிப்பிடப்பட்டிருக்கும். அப்படியிருந்தால் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மறுமொழி 2:

மீதப் பாலைப் பற்றித் தயக்கமே வேண்டாம், கொட்டிவிடுங்கள். குழந்தையின் எச்சில் கலந்த பாலில் கிருமிகள் வேகமாகப் பெருகும். கலந்து வைப்பதைவிட, சுடுநீரை ஃபிளாஸ்க் நிறைய ஊற்றி இறுக மூடி, அளந்த மாவைச் சுத்தமான உலர்ந்த டப்பாவில் தனியே வைத்துக்கொண்டு, குழந்தை விழிக்கும்போது கலப்பதே நல்லது. ஃபிளாஸ்க் நிறைந்திருந்தால்தான் சூடு நிற்கும். கலந்தே வைக்க நேர்ந்தால் உடனே குளிரவைத்து, ஃபிரிட்ஜின் கதவில் அல்லாமல் உட்புறத்தில், 5 டிகிரிக்கு மேற்படாமல் வைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். வெளியே இருந்த பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. மைக்ரோவேவில் சூடுபடுத்தவே கூடாது: புட்டி வெளியே மிதமாக இருக்க, உள்ளே பால் ஓரிடத்தில் மட்டும் கொதித்திருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனெனில் இதில்தான் எனக்குக் கவலை அதிகம். முதலில் நீரை அளந்து ஊற்றி, பிறகே மாவைப் போட வேண்டும். அந்த டின்னோடு வந்த கரண்டியில் மாவை அழுத்தாமல் அள்ளி, கத்தியின் முதுகால் தலைதட்டிப் போடுங்கள். வயிறு நிறைந்து தூங்கட்டும் என்று ஒரு கரண்டி கூட்டினால் குழந்தையின் உடலில் உப்புச் செறிவு ஏறி நீர்ச்சத்து குறையும்; மாவு நீடிக்கட்டும் என்று நீரைக் கூட்டினால் ஊட்டம் குறைவதோடு, இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து வலிப்புகூட வரலாம்.

கேட்டவர்:

மிக்க நன்றி. மாவுக்காகவே சூடு என்பது இப்போது விளங்கியது. குழந்தை மிக வேகமாகக் குடித்துவிட்டுக் கக்குகிறாள். அதற்கு என்ன செய்யலாம்?

மறுமொழி 3:

படுக்கவைத்துக் கொடுக்காமல், தலை சற்று உயர்ந்திருக்கும்படி மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள். புட்டியைச் செங்குத்தாகக் கவிழ்க்காமல், நிப்பிளில் பால் நிற்கும் அளவுக்கு மட்டும் சாய்த்தால் பால் தானாகப் பாயாது. குழந்தை உறிஞ்சும் வேகத்துக்கே வரும். நடுநடுவே நிறுத்தி ஏப்பம் விடச் செய்யுங்கள். நிப்பிளின் துளை பெரிதாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். தலையைத் திருப்பிக்கொண்டாலோ உறிஞ்சுவதை நிறுத்தினாலோ போதும் என்று பொருள். புட்டியில் மீதமிருக்கிறதே என்று ஊட்ட வேண்டாம். தலையணையில் புட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது, புரையேறினால் குழந்தையால் தானாக வாயை விலக்கிக்கொள்ள முடியாது. கக்குவது சிறிதளவாக இருந்து, எடை ஏறிக்கொண்டும் சிறுநீர் நன்றாகக் கழிந்துகொண்டும் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. பீய்ச்சி அடிப்பதுபோல் வாந்தியெடுத்தாலோ, வாந்தி பச்சையாக இருந்தாலோ, காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ அன்றே, இரவானாலும், மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.