முறத்தில் அரிசி புடைக்கும் சத்தத்தைப் பதிவு செய்வது எப்படி?

மதியநிழல்:
வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கமே வருவதில்லை. சின்ன வயதில் பாட்டி திண்ணையில் அரிசி புடைக்கிற சத்தத்திலேயே சொக்கிப் போய்விடுவேன் என்று அடிக்கடி சொல்வார். ஏஎஸ்எம்ஆர் வீடியோக்கள் (மெல்லிய சத்தங்களால் மனதை அமைதிப்படுத்துபவை) போட்டுக் காட்டினேன். காதருகே கிசுகிசுப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. சரி, நாமே எடுத்துக் கொடுப்போம் என்று அத்தை வீட்டு மூங்கில் முறத்தை வாங்கி வந்தேன்.

ஹாலில் ஃபேனை நிறுத்திவிட்டு, போனை முறத்துக்கு எதிரே ஒரு சாண் தள்ளி வைத்து எடுத்தேன். கேட்டுப் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது. அரிசி விழும் 'தப்' பட்டாசு மாதிரி வெடிக்கிறது. எனக்கு வேண்டியது கொழிக்கும்போது வரும் 'சர்ர்'. அது பாதியிலேயே அமுங்கிவிடுகிறது. நான் கையை நிறுத்தினால் ஃப்ரிட்ஜ் இரைச்சல் மெல்ல ஏறி வருகிறது. மைக் வாங்கினால் சரியாகுமா? 3000 ரூபாய் வரை செலவு செய்யலாம்.

கச்சேரிப்பதிவு:
மைக்குக்கு ஓடாதீர்கள் அம்மா. போனின் மைக் பேச்சுக்காகப் பழக்கப்பட்டது. சத்தம் பெரிதானால் தானே குறைத்துக்கொள்ளும், அமைதியானால் ஏற்றிக்கொள்ளும். ஃப்ரிட்ஜ் ஏறி வந்தது அதனால்தான். விடாமல் வரும் 'சர்ர்' அதன் கணக்கில் ஃபேன் இரைச்சல் மாதிரி, அதனால் அழிக்கப் பார்க்கிறது.

ஆட்டோ கெயின் (சத்தத்தைத் தானே ஏற்றி இறக்குவது), நாய்ஸ் சப்ரஷன் (இரைச்சலைத் தானே அழிப்பது) இரண்டையும் அணைக்க முடிகிற ரெக்கார்டர் ஆப்பில் பதிவு செய்யுங்கள். சுருக்கப்படாத வேவ் (WAV) கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ் என்று அமைப்பில் தேர்ந்தெடுங்கள். மிகப் பெரிய சத்தமே ஆப்பின் அளவுகாட்டியில் மைனஸ் 12 டெசிபலுக்குள் நிற்கட்டும். வீடியோவும் வேண்டுமென்றால் அதை வேறொரு போனில் எடுத்து, தொடக்கத்தில் ஒரு கைதட்டல் வைத்துப் பொருத்திக்கொள்ளலாம். போனை ஒரு முழம் தள்ளி, பக்கவாட்டில் வையுங்கள். முறம் வீசும் காற்று நேராக மைக்கில் அடித்தால் 'புப் புப்' என்று கெட்டுவிடும்.

முதல் பத்து வினாடி அசையாமல் இருங்கள். அந்த வெறும் அறைச் சத்தத்தை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளுக்கு மாதிரியாகக் கொடுத்து இரைச்சலைக் கொஞ்சமாகக் குறையுங்கள். அதிகம் குறைத்தால் அரிசி தண்ணீருக்குள் விழுவது போலக் கேட்கும். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வையுங்கள். திரும்பப் போட மறக்காது.

கிணற்றடி:
கடை அரிசியா போட்டீர்கள்? அதில் உமியும் இல்லை, குருணையும் இல்லை, சத்தம் மொட்டையாகத்தான் வரும். கைக்குத்தல் அரிசி இரண்டு படி வாங்குங்கள். டைல்ஸ் தரையில் ஜமுக்காளம் விரித்து உட்காருங்கள். கண்ணாடி வளையல் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டி கையில் கட்டாயம் இருந்திருக்கும்.

மதியநிழல்:
வளையல் எனக்குத் தோன்றவே இல்லை, ரொம்ப நன்றி அக்கா.

நேற்று விடியற்காலை மூன்றே முக்காலுக்கு உள்ளறையில் எடுத்தேன், சுவரோரம் இரண்டு மெத்தையைச் சாய்த்து வைத்து. 22 நிமிடத்துக்கு மேல் கை தாங்கவில்லை. தப், தப், அப்புறம் நீளமாக ஒரு 'சர்ர்', நடுவில் வளையல். எல்லாம் தனித்தனியாகக் கேட்கிறது. ராத்திரி அம்மாவின் தலைமாட்டில் சன்னமாக வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "குருணையைத் தனியா எடுத்து வெச்சியா?"