பாடசாலையில் 46 கிலோ ரெஸ்லிங் சம்பியன், கம்பஸில் தாக்குப்பிடிப்பேனா?

கொட்டகலைத் தங்கச்சி

எல்லோருக்கும் வணக்கம். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் வந்துவிட்டது, கலைப்பீடம். வீட்டில் அம்மா பெட்டி, பக்கெட், கம்பளி என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார். என் தலைக்குள் ஓடுவது வேறு.

நான் பாடசாலையில் ரெஸ்லிங் (மல்யுத்தம்) செய்தேன். எங்களுக்கு மெட் கிடையாது. மண்டபத்தில் வாங்குகளை ஒதுக்கிவிட்டு, பழைய மெத்தைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே தறப்பாளை இழுத்துக் கட்டுவோம். ஐந்து நிமிடத்தில் மெத்தைகள் பிரிந்து, நடுவில் கால் போய்விடும். அப்படியே பழகி 46 கிலோவில் இரண்டு தடவை மாகாணத்தில் முதலிடம், ஒரு தடவை அகில இலங்கையில் மூன்றாமிடம். எங்கள் தோட்ட லயத்தில் பட்டாசு போட்டார்கள். அப்பா அந்தப் படத்தைப் பெரிதாக்கி இஸ்தோப்பில் மாட்டிவைத்தார்.

அப்புறம் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) டியூஷன், மொடல் பேப்பர், இசட் ஸ்கோர் கவலை. இரண்டு வருடமாக யாரையும் பிடித்துக் கீழே போடவில்லை. இப்போது 51 கிலோ. அமெரிக்கக் கல்லூரி ரெஸ்லிங் வீடியோக்களை இரவில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர்களைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது.

கம்பஸ் அணியில் சேர முடியுமா? பாடசாலையில் வென்றவர்கள் அங்கே போய்த் தோற்றுப்போவது ஏன்? அப்பா வேறு, "பொம்பளப் புள்ள கம்பஸ்லயும் போய்க் கட்டிப் புரளணுமா?" என்கிறார். பட்டாசு போட்டதும் அதே அப்பாதான்.

அக்பர் விடுதிக்காரன்

வாழ்த்துகள். சேர்வது பெரிய விஷயமில்லை. வந்த முதல் வாரத்திலேயே உடற்கல்விப் பிரிவுக்குப் போய், ரெஸ்லிங் செய்தேன் என்று சொல்லிப் பெயர் கொடுங்கள். சான்றிதழ்ப் பிரதிகளையும் கொண்டுபோங்கள். கிரிக்கெட்டுக்கு நிற்பதுபோல் இதற்கு வரிசை நிற்காது. பெண்கள் பக்கம் ஆள் கிடைத்தாலே சந்தோஷப்படுவார்கள். தாக்குப்பிடிப்பது பற்றி எனக்குத் தெரியாது, நான் கரம் ஆடுகிறவன்.

பழைய 53

தங்கச்சி, நான் மஸ்கெலியாப் பக்கம். கொழும்புப் பக்கத்தில் ஒரு கம்பஸில் நான்கு வருடம் ரெஸ்லிங் செய்தேன், எது என்பது வேண்டாம். இப்போது படிப்பிக்கிறேன். உங்கள் கேள்வியை வாசித்ததும் என்னையே பார்த்த மாதிரி இருந்தது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன்.

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். நானும் மாகாணச் சம்பியன்தான். என் நிறையில் அந்த வருடம் எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? ஐந்து. எனக்கு ஒரு சுற்று 'பை' கிடைத்தது, அதாவது யாரோடும் மோதாமலே அடுத்த சுற்று. ஆகவே இரண்டு பேரை வீழ்த்தினேன், சம்பியன் ஆனேன். அந்த இரண்டு பேரையும் ஒரே வித்தையில்தான் வீழ்த்தினேன். கழுத்தைச் சுற்றிப் பிடித்து இடுப்பில் ஏற்றி எறிவது. பாடசாலையில் எல்லோரும் நிமிர்ந்து நிற்பார்கள், கழுத்து வா வா என்று கூப்பிடும். சின்ன வயதிலிருந்து விறகுக் கட்டும் தண்ணீர்க் குடமும் தூக்கி வளர்ந்த முதுகு எனக்கு. அந்தப் பலத்தை நான் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பஸில் முதல் நாள் பயிற்சி. இறுதியாண்டு அக்கா ஒருவர், என் தோள் உயரம்தான் இருப்பார். கை குலுக்கினோம், விசில் அடித்தது. கழுத்தைத் தேடினேன், கழுத்து அங்கே இல்லை. அவர் குனிந்து என் வலது காலைத் தூக்கியிருந்தார். கீழே போட்டார், 2 புள்ளி. அப்படியே முதுகுக்கு மேல் ஏறி, வயிற்றைச் சுற்றிக் கைகளைப் பூட்டிக் கட்ரெஞ்ச். ஒரு உருட்டலுக்கு 2. கையை விடாமலேயே இன்னொன்று, இன்னொன்று. 4, 6, 8, 10. நாம் ஆடும் ஃப்ரீஸ்டைல் முறையில் 10 புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டம் அத்தோடு சரி. கல்லில் ரொட்டியைத் திருப்பிப் போடுவதுபோல் என்னைத் திருப்பினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எழுந்து பார்த்தால் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இது அங்கே தினமும் நடப்பது என்பதுபோல.

ஏன் தோற்கிறோம் என்று கேட்டீர்கள் அல்லவா? நம்மில் பலருக்கு நிலத்தில் என்ன செய்வதென்றே தெரியாது. மெத்தை பிரிந்து சிமெந்தில் முட்டி இடிக்கும் இடத்தில் யார் நிலத்தில் உருண்டு பழகுவார்கள்? நின்றபடி எறிவதோடு பயிற்சி முடிந்துவிடும். நல்ல மெட் உள்ள பாடசாலைகளிலிருந்து வருகிறவர்கள் ஆயிரம் தடவை உருண்டவர்கள். அவர்களில் சிலர் ஏ.எல். வருடத்திலும் வாரத்துக்கு இரண்டு நாளாவது போய்ப் பயிற்சி செய்தவர்கள்.

அதனால் போன முதல் மூன்று மாதம் எறிவதை மறந்துவிடுங்கள். கீழே விழுந்தால் வயிறு மெட்டோடு ஒட்ட வேண்டும், முழங்கை விலாவோடு ஒட்ட வேண்டும். இடுப்பைக் கனமாக்கி, கால்களை அகலமாக வைத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் இரண்டு கையும் பூட்டுவதற்கு முன்பே ஒரு கையைப் பிடித்துவிட வேண்டும், பூட்டிய பிறகு கழற்றுவது கஷ்டம். யாராவது உங்கள் மேல் ஏறி உருட்டப் பார்க்கட்டும், நீங்கள் உருளாமல் கிடந்து பழகுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். எனக்கு இரண்டாம் வருடம் வெற்றி கொடுத்தது அதுதான்.

அமெரிக்க வீடியோவை விடுங்கள். அவர்களுடைய பாடசாலை ரெஸ்லிங்கும் கல்லூரி ஆண்கள் ரெஸ்லிங்கும் வேறு முறை. பாடசாலையில் இரண்டு இரண்டு நிமிடமாக 6 நிமிடம், கல்லூரியில் 3, 2, 2 என்று 7 நிமிடம். எதிராளியை உருட்டாமல், கீழே அமுக்கிவைத்த நேரம் அவர் அமுக்கிய நேரத்தைவிட ஒரு நிமிடம் கூடினாலே கல்லூரியில் ஒரு புள்ளி உண்டு. அதனால் மேலே ஏறிக் காலைப் பின்னிக்கொண்டு அப்படியே கிடப்பார்கள். நமது முறையில் சும்மா அமுக்கிக்கொண்டு கிடந்தால் நடுவர் எழுப்பி நிற்கவைத்துவிடுவார். நமக்கு 3 நிமிடம், 30 விநாடி ஓய்வு, மறுபடி 3 நிமிடம். பார்ப்பதென்றால் உலகச் சம்பியன்ஷிப் ஃப்ரீஸ்டைல் பாருங்கள்.

இனி நிறை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பெரியவர்கள் பிரிவில் 46 கிலோ என்று ஒன்று இல்லை. பெண்களுக்கு ஆகக் குறைந்தது 50. அதில் நிற்கிறவர்கள் சாதாரண நாளில் 53, 54 இருந்து, போட்டிக்காக இறங்கி வருகிறவர்கள். நீங்கள் 51 என்கிறீர்கள். ஒரு கிலோதானே, குறைத்துவிடலாம் என்று தோன்றும். யாராவது சொல்லவும் சொல்வார்கள்.

எனக்குச் சொன்னார்கள். அப்போது 54 இருந்தேன், அணிக்கு 50இல் ஆள் இல்லை. மூன்று நாள் சோறு இல்லை. கடைசி நாள் தண்ணீரும் இல்லை. அம்மா மழைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது போர்த்துகிற பொலித்தீனை ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தேன். அதை உடம்பில் சுற்றிக்கொண்டு, மேலே ஜக்கெட் போட்டு, கொழும்பு வெயிலில் ஓடினேன். வாயில் எச்சில் ஊற இனிப்பு மிட்டாய் போட்டு, போத்தலில் துப்பிக்கொண்டே இருந்தேன். தராசில் 49.9. எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டு மணித்தியாலம் கழித்து மெட்டில் நின்றேன். முதல் பாதியில் 4க்கு 0 என்று முன்னால் இருந்தேன். இரண்டாம் பாதியில் என் கால்கள் என்னுடையவையாக இல்லை. கண்ணுக்கு ஓரத்திலிருந்து இருட்டு வந்தது. இரண்டு தோளும் மெட்டில் பட்டதே எனக்குத் தெரியாது, எழுப்பி ஜீவனி (உப்பும் சர்க்கரையும் சேர்ந்த தூள்) கரைத்துக் கொடுத்தபோதுதான் தெரிந்தது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை வினேஷ் போகாட்டுக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 53இல் விளையாடிக்கொண்டிருந்தவர் 50க்கு இறங்கினார். முதல் நாள் நிறை சரி, இறுதிப் போட்டி வரை போனார், மறுநாள் காலை 100 கிராம் கூடியதால் வெளியேற்றிவிட்டார்கள். இரவு முழுவதும் உடற்பயிற்சி செய்தும், முடியை வெட்டியும் அது இறங்கவில்லை. உலகத்தரமான ஆட்கள் கூட இருந்தும் அப்படி. நீங்கள் பார்க்கும் அதே அமெரிக்கக் கல்லூரிகளில் 1997 கடைசியில், ஒரு மாதம் சொச்சத்துக்குள் மூன்று மாணவர்கள் நிறை குறைக்கப்போய் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ரப்பர் உடுப்பையும் சூட்டு அறையையும் அங்கே தடைசெய்தார்கள்.

ஆகவே நீங்கள் 53க்கு ஏறுங்கள். சாப்பிடுங்கள். முட்டை, நெத்தலி, கடலை, பருப்பு. என் காலத்தில் மகாபொல உதவித்தொகை 5000 ரூபாய், அதில் முட்டைக்கென்று ஒரு பங்கை எடுத்துவைத்துவிட்டுத்தான் மற்றச் செலவு. முதல் வருடம் 53இல் தோற்றாலும் பரவாயில்லை, 50இல் மயங்கி விழுவதைவிட மேல். மாதவிலக்குக்கு முந்திய நாட்களில் ஒரு கிலோ வரை தானாக ஏறலாம், பயந்து பட்டினி கிடக்காதீர்கள். பயிற்றுவிப்பாளர் ஆணாக இருந்தாலும் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். நான் வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்தேன்.

இன்னொன்று. பயிற்சி அநேகமாகச் சிங்களத்தில்தான் நடக்கும். முதல் போட்டியில் மூலையிலிருந்து "கக்குல! கக்குல!" என்று கத்தினார்கள். கால் என்று அர்த்தம், காலைப் பிடி என்கிறார்கள் என எனக்குத் தெரியும், ஆனால் அந்தப் பதற்றத்தில் மூளைக்குப் போய்ச் சேர இரண்டு விநாடி ஆனது. அதற்குள் என் கால் போய்விட்டது. ஒரு இருபது சொல்லைக் காதுக்குப் பழக்கிக்கொண்டு போங்கள்.

முதல் வருடம் மூன்று போட்டி, மூன்றும் தோல்வி. வீட்டுக்குச் சொல்லவில்லை. அப்பா தொலைபேசியில் "கப்பு எங்க?" என்று கேட்டால், விரிவுரை தொடங்குகிறது என்று வைத்துவிடுவேன்.

ஓய்வுபெற்ற பீ.ரீ. சேர்

மகள், பழைய 53 எழுதியதில் நிறை விஷயத்தை இரண்டு தடவை வாசியுங்கள். நானும் பிள்ளைகளை ஓடவைத்து நிறை குறைத்தவன்தான். அந்தக் காலத்தில் அதுதான் சரி என்று நினைத்தோம், இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. எறிவதை மறக்கச் சொல்ல வேண்டாம். நம் பிள்ளைகளிடம் உள்ள ஒரே ஆயுதம் அந்த இடுப்புப் பலம். காலைப் பிடிக்க வருகிறவளை ஸ்ப்ரால் போட்டு, அதாவது கால்களைப் பின்னால் எறிந்து இடுப்பால் அமுக்கப் பழகினால், அவள் எழும்பும்போது கழுத்து தானாகக் கைக்கு வரும். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஏ.எல். இடைவெளி பற்றி. 2022 பர்மிங்ஹாம் பொதுநலவாயப் போட்டியில் இலங்கையின் நெத்மி பொருதொட்டகே 57 கிலோவில் வெண்கலம் எடுத்தபோது வயது 18. அதே வயதில்தான் நம் பிள்ளைகளிடம், 'இனி விளையாட்டை விட்டுவிட்டுப் படி' என்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். உங்களுக்குப் பின்னால் வரும் தங்கைமாருக்கு ஒன்று சொல்லிவையுங்கள். தேசிய மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் தனியாகச் சில இடங்கள் உண்டு, ஏ.எல். சித்தியடைந்திருக்க வேண்டும். யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) கைந்நூலில் இருக்கிறது. சான்றிதழை லயத்துச் சுவரில் ஈரம் பிடிக்க விடாமல் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

தோலையும் கவனியுங்கள். பயிற்சி முடிந்தவுடன் குளிக்க வேண்டும், துவாயை யாரோடும் பகிரக் கூடாது. படர்தாமரை வந்தால் மறைக்காமல் மருந்து பூசுங்கள்.

கொட்டகலைத் தங்கச்சி

அக்கா, சேர், இரண்டு பேருக்கும் நன்றி. ரொட்டி திருப்பிய கதையைச் சத்தமாக வாசித்தேன், அம்மா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் "53ன்னா இன்னும் ரெண்டு கிலோ ஏத்தணுமே" என்று மட்டும் சொன்னார். நேற்றிலிருந்து எனக்கு மட்டும் இரண்டு முட்டை. தம்பிக்குக் கோபம்.

அக்கா, தோற்றதை வீட்டுக்குக் கடைசியில் எப்போது சொன்னீர்கள்? அப்புறம் இன்னொரு சின்ன விஷயம். பாடசாலையில் நாங்கள் மூன்று பேர் ஒரே சோடிச் சப்பாத்தை மாற்றி மாற்றிப் போட்டோம், அது பாடசாலையோடு போய்விட்டது. ரெஸ்லிங் சப்பாத்து இங்கே எங்கே வாங்கலாம்? விலையைக் கேட்டால் பயமாக இருக்கிறது.

பழைய 53

இரண்டாம் வருடம் முதல் தடவையாக வென்ற அன்று, நான்கையும் சேர்த்துச் சொன்னேன். "மூணு தோத்தியா?" என்று அதை மட்டும்தான் அப்பா திருப்பித் திருப்பிக் கேட்டார்.

சப்பாத்து வாங்க வேண்டாம். உங்கள் அளவு 37 என்றால் என்னுடையது பெட்டிக்குள் கிடக்கிறது. இடது காலில் நாடா கோக்கும் ஓட்டை ஒன்று கிழிந்திருக்கிறது, ஹட்டனில் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்தால் சரிசெய்துவிடுவார். சனிக்கிழமை ஹட்டனுக்கு வருகிறேன், தனித்தகவலில் எழுதுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.