இரண்டு வண்ணச் சுவரொட்டிக்கு ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்பவர் தேவை (சென்னை)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நான் சென்னையில் தனியாகத் தொழில் செய்யும் வரைகலை வடிவமைப்பாளர். சிறிய நாடகக் குழு ஒன்றுக்காக வடிவமைத்த சுவரொட்டியை, கறுப்பு, செங்காவி ஆகிய இரண்டே வண்ணங்களில், 100 படிகள் மட்டும் ஸ்க்ரீன் பிரிண்டிங் (சட்டத்தில் கட்டிய வலைத்துணி வழியே மையை அழுத்தி அச்சிடும்) முறையில் அச்சிட்டுத் தரக்கூடியவர் யாரேனும் இருந்தால் அறிமுகப்படுத்த வேண்டுகிறேன்.

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் விசாரித்தேன். கல்யாணப் பத்திரிகை என்றால் உடனே ஒப்புக்கொள்கிறவர்கள், 18க்கு 24 அங்குலம் என்றதும் ஆப்செட்டுக்கோ டிஜிட்டலுக்கோ போகச் சொல்லிவிடுகிறார்கள். ஆப்செட்டில் தகட்டுச் செலவும் மெஷினைத் தயார்செய்யும் கூலியும் 100 படிக்கும் 1000 படிக்கும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. டிஜிட்டலிலோ செங்காவி பல மைகளின் புள்ளிகளாகப் பிரிந்துவிடுவதால், ஒரே மை தாளின்மேல் தடித்துப் படியும் அந்தக் கனம் கிடைப்பதில்லை. (இது என் பிடிவாதம் என்று நாடகக் குழுவினர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.)

எழுத்துகளைக் கையால் வரைந்திருப்பதால் எழுத்துரு உடையும் சிக்கல் இல்லை. கோப்பும் வண்ணவாரியாகப் பிரித்துத் தயாராக உள்ளது. ஆனால் 'ண'கரச் சுழிகளின் உள்ளே இருக்கும் வெள்ளை மிகக் குறுகலானது. அங்கே மை அடைத்துக்கொள்ளாமலிருக்க எந்த மெஷ் (வலைத்துணியின் கண்ணி நெருக்கம்) ஏற்றது, தாள் எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்னும் எடை அளவு) இருக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னாலும் பேருதவியாக இருக்கும்.

கூலியில் பேரம் பேச மாட்டேன். பாதித் தொகையை முன்பணமாகத் தருவேன். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கம் என்றால் நேரில் வந்து மை கலக்கும்போது உடனிருக்க வசதியாக இருக்கும்.