சதையியில் நீர்க்கட்டி: ஸ்கான் அறை வாசலில் நடந்தது

வீரைமரம், மாங்குளம்:

அப்பாவுக்கு 64. சிறுநீரகக் கல்லுக்கென்று எடுத்த சீ.ரி. ஸ்கானில், சதையியில் (கணையத்தில்) 18 மில்லிமீற்றரில் ஒரு நீர்க்கட்டி இருப்பதாக வந்தது. கல்லை மறந்துவிட்டு எல்லாரும் கட்டியைப் பிடித்துக்கொண்டோம். அது சதையிக் குழாயோடு தொடுத்திருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டுமாம். சரி என்று விடிய நாலு மணி பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனோம்.

மனதை விட்டுப் போகாமல் நிற்பது அந்த வாசல்தான். பெடியன் ஒருவன் படிவத்தை வைத்துக்கொண்டு, "ஐயா, உடம்புக்குள்ள இரும்பு ஏதும் கிடக்கோ?" என்று கேட்டான். "இடது தொடையில ஒரு சின்னத் துண்டு" என்று நான் சொன்னேன். 2009 பங்குனியில், யுத்தத்தில், மாத்தளனில் செல் வெடித்துப் பட்டது, வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்பா பேசாமல் சேட்டின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றி, பெடியனின் கையைப் பிடித்துத் தன் தோளுக்குப் பின்னால் வைத்தார். "இதிலயும் ஒண்டு தம்பி. அமத்திப் பாரும்."

இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருக்கிறேன். எனக்குத் தெரியாது.

எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் துண்டை அசைத்துவிடலாம் என்று திருப்பி அனுப்பினார்கள். வரும் வழியில் முறிகண்டியில் பஸ் நிற்க, அப்பா இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டு எனக்குக் கச்சான் வாங்கித் தந்தார், சின்னப்பிள்ளைக்குக் கொடுப்பதுபோல. இப்படித் திரும்பி வந்தவர்கள் வேறு யாரும் இருக்கிறீர்களா?

பாலைப்பழம், மல்லாவி:

தம்பி, கட்டி என்றதும் ஏன் இந்தப் பதற்றம்? என் கொழுந்தனுக்கு 7 சென்ரிமீற்றரில் இருந்தது. கசிப்புக் குடித்துக் குடித்துச் சதையி அழற்சி. வாட்டில் அந்த மனிசன் இரண்டு இரவு படுக்கவே இல்லை. தலையணையை வயிற்றோடு அணைத்து, முன்னுக்குக் குனிந்து குந்திக்கொண்டே கிடந்தார். மல்லாந்து படுத்தால் முதுகுவரை குத்துமாம். நான் கொண்டுபோன கஞ்சி மூடியபடியே திரும்பி வந்தது. சில கிழமைகளுக்குப் பிறகு எடுத்த ஸ்கானில்தான் கட்டி தெரிந்தது. அதைப் போலிக்கட்டி என்று சொன்னார்கள், மூன்று மாதத்தில் தானாகவே வற்றிப்போனது. அழற்சியால் வருகிற கட்டி புற்றுநோய் ஆகாது. சும்மா சனத்தைப் பயப்படுத்தாதீங்கோ.

பழைய மிஸ்ஸி, வவுனியா:

பாலைப்பழம் தங்கச்சி சொன்னதில் பாதிதான் சரி. போலிக்கட்டிக்குத் தனக்கென்று உட்சுவர்க் கலங்கள் கிடையாது, அதனால் அது புற்றுநோயாக மாறாது. அதுவரை சரி. ஆனால் சளி போன்ற திரவம் சுரக்கும் கட்டிகள் வேறு சாதி, அவற்றில் சில காலப்போக்கில் மாறக்கூடும். அந்தச் சளி குழாயை அடைத்தால் அதனாலேயே அழற்சி வரும். அழற்சியால் கட்டியா, கட்டியால் அழற்சியா என்று பிரித்தறியாமல் "பயமில்லை" என்று எழுதுவது ஆபத்து. குடிக்காத ஆளுக்கு, பித்தக்கல்லும் இல்லாத ஆளுக்கு அழற்சி வந்தால் இன்னும் கவனமாகத் தேடவேண்டும். வருசக்கணக்காக நீடிக்கிற அழற்சியும் சும்மா இல்லை. கலங்கள் செத்துச் செத்துப் புதிதாக உண்டாகும்போது பிழை விழ இடமுண்டு. உங்கள் கொழுந்தன் குடியை விட்டாரா? அதை எழுதவில்லையே.

தாதியாக இருந்தபோது நான் கண்டது ஒன்று. கிளினிக்குக்கு வந்த ஒரு அம்மாவுக்கு 58 வயதில் திடீரென்று சீனி ஏறியது, உடம்பு வற்றியது. சீனிக் குளிசை மட்டும் எழுதி அனுப்பினார்கள், சதையியை ஒருவரும் பார்க்கவில்லை. பிளவுஸ் தோளில் நிற்காமல் வழுவியதை ஊசியால் குத்தியிருந்தார். அந்த ஊசி இன்னும் கண்ணில் நிற்கிறது.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கட்டி 3 சென்ரிமீற்றரை எட்டினால், சதையியின் பிரதான குழாய் 5 மில்லிமீற்றருக்கு விரிந்தால், கட்டி விரைவாக வளர்ந்தால் கவனம். குழாய் 10 மில்லிமீற்றருக்கு வந்தால், கட்டிக்குள் இரத்தம் ஓடும் திண்மையான முடிச்சு 5 மில்லிமீற்றராவது இருந்தால், சதையியின் தலைப்பக்கக் கட்டியோடு செங்கமாரி வந்தால் சத்திரசிகிச்சை பற்றித்தான் பேசுவார்கள். உங்கள் அப்பாவின் 18 மில்லிமீற்றர் இதில் எதுவுமில்லாவிட்டால் பெரும்பாலும் பார்த்துக்கொண்டே போவதுதான் வைத்தியம். சீ.ஏ. 19-9 என்ற, புற்றுநோய் அடையாளம் பார்க்கிற இரத்தப் பரிசோதனையைத் தனியார் இடத்தில் நீங்களாகச் செய்துவிட்டு நித்திரையைக் கெடுக்காதீர்கள். பித்தக்குழாய் அடைத்தாலும் அது ஏறும். சுருட்டுப் பிடிக்கிறவர் என்றால் நிற்பாட்டச் சொல்லுங்கள். ஸ்கான் படங்கள் உள்ள பழைய சீ.டி. தட்டை எறியவேண்டாம். அடுத்த முறை அளவை ஒப்பிட அதுதான் வேண்டும், ரிப்போட் மட்டும் காணாது.

முத்தையன்கட்டான்:

மிஸ்ஸி, வீரைமரம் கேட்டது செல் துண்டைப் பற்றி. நீங்கள் வகுப்பெடுக்கிறீர்கள்.

தம்பி, என் அம்மாவுக்கும் இதே கதை. முழங்கைக்குள் துண்டு. எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்று, வாயால் குழாய் விட்டு வயிற்றுக்குள்ளிருந்தே பார்க்கிற ஸ்கானுக்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அதே குழாய் வழியாக ஊசி போட்டுக் கட்டியிலிருந்து தண்ணி எடுக்கலாம். முடிந்து வெளியே வந்த டொக்டர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் ஒட்டி மெல்ல விரித்துக் காட்டினார், "இப்படி நூலாக இழுபடுது அம்மா" என்று. வெண்டிக்காய் நறுக்கின கத்தி மாதிரி, மிஸ்ஸி சொன்ன அந்தச் சளித் திரவம். அம்மா மயக்கம் தெளியாமலே "அது நல்லதோ?" என்று கேட்டா. ஒருவரும் பதில் சொல்லவில்லை. சதையியின் வால்பக்கத்தை மண்ணீரலோடு சேர்த்து எடுத்தார்கள். ரிப்போட்டில் புற்றுநோய் இல்லை. இப்போது சீனி வருத்தம் மட்டும். நான் இன்றைக்கும் வீட்டில் வெண்டிக்காய் நறுக்குவதில்லை.

வீரைமரம், மாங்குளம்:

எல்லாருக்கும் நன்றி. மிஸ்ஸிக்கும்தான், அப்பா சுருட்டு என்பது எப்படித் தெரிந்ததோ.

நேற்று எக்ஸ்ரே எடுத்தோம். துண்டு இரண்டல்ல, மூன்று. மூன்றாவது இடுப்பெலும்புக்குப் பக்கத்தில், அதை அப்பாவே அறியவில்லை. படத்தை யன்னலில் வெளிச்சத்துக்குப் பிடித்துக் கனநேரம் பார்த்துவிட்டு, "இது எப்ப பட்டது?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டா.

ஆறு மாதத்தில் மருந்து ஏற்றி இன்னொரு சீ.ரி. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதில் தெளிவில்லாவிட்டால் கொழும்பு. முத்தையன்கட்டான் அண்ணை, அந்த ஊசிக்கு எத்தனை நாள் அங்கே தங்கினீர்கள்? விதைப்புக்கு முன் போய்வர முடியுமோ என்று அப்பா கேட்கிறார்.