காசிக்கு அப்பா அம்மாவ அனுப்ப ஏஜென்ட் வேணுமா, நாமளே புக் பண்ணிடலாமா?

வைகைக்கரை:
அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு முட்டி வலி. காசி, கயா, பிரயாக்ராஜ் மூணும் பாத்துடணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டே இருக்காங்க. இங்க ஒரு ஏஜென்ட் ட்ரெயின், ரூம், வண்டி, கூடவே சமையல்காரர்னு எல்லாம் சேத்து ஒரு ரேட் சொல்றாரு. எல்லாத்தயும் ஃபோன்லயே போடுற காலத்துல நடுவுல ஒரு ஆளு எதுக்குன்னு தம்பி கேக்குறான். போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

பெட்டிபடுக்கை:
ட்ரெயினுக்கு வேண்டவே வேண்டாம் ப்ரோ. இப்ப 60 நாள் முன்னாடிதான் புக்கிங் திறக்குது, காலைல 8 மணிக்கு நீங்களே உக்காந்து போட்ருங்க. முக்கியமா, அப்பா அம்மா ரெண்டு பேர மட்டும் தனி டிக்கெட்டா சீனியர் சிட்டிசன் கோட்டால போடுங்க, லோயர் பெர்த் அதுலதான் வரும், நாலஞ்சு பேர சேத்து போட்டா அந்த கோட்டா கெடையாது. தட்கல் எடுத்து தர்றேன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, 2025 ஜூலைல இருந்து மொத அரை மணி நேரம் ஏஜென்ட்டால தட்கல் போட முடியாது, அதுக்கப்புறம் என்ன மிச்சம் இருக்கப்போவுது 😄

பழைய கவுன்ட்டர்:
நான் டிக்கெட்டிங்ல 11 வருஷம் இருந்தவன். 2008 வாக்குல ஏர்லைன்காரங்க கமிஷன நிறுத்துனதுல இருந்து ஏஜென்ட்டுக்கு டிக்கெட்ல பெருசா ஒண்ணும் நிக்காது, ரூம்லயும் வண்டிலயும்தான் பாப்பாங்க. தப்புன்னு சொல்லல, அதான் அவங்க பொழப்பு. ஆனா "கோயில் பக்கத்துலயே ரூம்"னு வாயால சொன்னத நம்பாம லாட்ஜ் பேர வாட்ஸ்அப்ல வாங்கிக்கோங்க. கோயில்ல இருந்து தள்ளி இருக்குற கன்டோன்மென்ட் ரயில்வே ஸ்டேஷன் கிட்ட போட்டுட்டு அதையே பக்கம்னு சொல்றவங்க உண்டு. கோயிலுக்கு முன்னாடி வர்ற கோதோலியா சந்திப்ப தாண்டி கார் போகாது, சந்துல நடைதான், முட்டி வலிக்கு இது ரொம்ப முக்கியம்.

ஜன்னல்சீட்டு:
எங்க மாமாவுக்கு ஃப்ளைட் டைம் மாறிடுச்சு, மெசேஜ் போனது ஏஜென்ட் நம்பருக்கு, அவரு பாக்கல, இவங்க ஏர்போர்ட் போயி நின்னப்ப ஃப்ளைட் கெளம்பி ரெண்டு மணி நேரம் ஆச்சு. யார் புக் பண்ணாலும் உங்க நம்பர போட சொல்லுங்க. ட்ரெயின் டிக்கெட்டும் அப்படித்தான், ஏஜென்ட் போட்டத கேன்சல் பண்ணா பணம் அவரு கணக்குக்குதான் போகும், உங்க ஃபோனுக்கு ஒரு ஓடிபி வரும், ரீஃபண்ட் எவ்ளோன்னும் அதுலயே இருக்கும், காச கைல வாங்கிட்டு ஓடிபிய சொல்லுங்க.

ரசம்சாதம்:
எல்லாரும் ஏஜென்ட்ட திட்டுறீங்க, எங்கம்மா அஞ்சாவது நாள் பூரி சப்ஜிய பாத்தாலே அழுவுற மாதிரி ஆயிட்டாங்க. குரூப்ல வர்ற சமையல்காரர் வைக்கிற ரசத்துக்கே காசு குடுக்கலாம். கயால பிண்டம் போடறதுக்கும் ஆள் தெரிஞ்சவங்க கூட இருந்தா நல்லது, இல்லன்னா ஆளாளுக்கு சூழ்ந்துக்குவாங்க. தனியா போறதுன்னா காசில நாட்டுக்கோட்டை சத்திரத்துல கேட்டு பாருங்க, நம்மூர் சாப்பாடு கெடைக்கும்.

வைகைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. ட்ரெயின் மட்டும் நானே போட்டுக்கறேன், அங்க போனப்புறம் வண்டி, ரூம், கயா மட்டும் பாத்துக்கோங்கன்னா எவ்ளோன்னு ஏஜென்ட்ட கேட்டேன், மொகம் சுருங்கிடுச்சு 😀 நாளைக்கு சொல்றேன்னுருக்காரு. லாட்ஜ் பேரும் கேட்டுருக்கேன், அத மட்டும் இன்னும் அனுப்பல.